எலும்புக்குக் கழிவு

எங்கள் வீட்டில் எழுத்து அவருடையது, எண் என்னுடையது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். அவர் தோட்டத்து லோரி ஓட்டியவர். தமிழும் மலாயும் தண்ணீர் மாதிரிப் படிப்பார். ஆங்கிலத்தையும் எழுத்துக் கூட்டிச் சொல்லிவிடுவார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழைத் தடவித் தடவிப் படிப்பேன், அதைவிட மெதுவாக எழுதுவேன். மலாயும் ஆங்கிலமும் எழுதுகிற அந்த எழுத்து எனக்கு இன்றைக்கும் பூச்சி ஊர்ந்த தடம்தான். ஆனால் எண்ணில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

முப்பத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். முதலில் கையால் கிள்ளினோம். பிறகு கத்திரி வந்தது, கூடை போய்ச் சாக்கு வந்தது. மாறாதது தராசு ஒன்றுதான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று தடவை, மலைச்சரிவில் ரோட்டோரம் லோரி வந்து நிற்கும். முக்காலியில் தொங்கும் தராசில் சாக்கை மாட்டுவார்கள். முள் ஆடி ஓய்வதற்கு முன்பே அது எங்கே நிற்கும் என்று நான் சொல்லிவிடுவேன். எடையை எழுதும் கிராணி அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார்.

முள் காட்டுவது அப்படியே நம் பெயரில் ஏறிவிடாது. கழிவு உண்டு. சாக்குக்கு இவ்வளவு, மழை நாளில் இலையில் ஒட்டிய தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டு மீதியைத்தான் எழுதுவார்கள். முப்பது காட்டினால் முப்பது இல்லை என்பது எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு மழை நாளில் கங்காணி என் சாக்குக்கு நாலு கிலோ கழித்தார். படுதாவை விரித்து அத்தனை கொழுந்தையும் கொட்டினேன். இரண்டு கையாலும் அள்ளி அள்ளி உதறி, தண்ணீரை வடிய விட்டு, மறுபடி சாக்கில் கட்டித் தராசில் மாட்டினேன். இரண்டு கிலோகூட இறங்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் அவ்வளவு பேரும் மழையில் நனைந்துகொண்டே காத்திருந்தார்கள், ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை. அதற்குப் பிறகு என் சாக்கு வந்தால் கங்காணியே, "நீயே சொல்லு தாயி, எவ்வளவு கழிக்கணும்?" என்பார். நான் நியாயமாகத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், எங்கள் மலை டவுனான தானா ராத்தாவில் ஒரு கோழிக்கடையில் நான் செய்த காரியத்தைக் கேட்கிறவர்கள் என்னை விவரம் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. நான் விவரத்தோடுதான் செய்தேன்.

அவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, வந்து பதினைந்து வருஷம் இருக்கும். கண்ணில் பூ விழத் தொடங்கியது அதற்கு வெகுநாள் பிறகு. முதலில் பேப்பரை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். பிறகு ஜன்னலோரம் எடுத்துப் போய்ப் படித்தார். பிறகு ஒரு நாள் அதை மடித்து வைத்தவர் திரும்ப எடுக்கவில்லை. எழுத்து தெரிந்தவருக்குக் கண் இல்லை, கண் உள்ளவளுக்கு எழுத்து இல்லை என்று ஆகிப்போனது. வீட்டுக்கு ஒரு கடிதாசி வந்தால் இரண்டு பேரும் அதைக் கை மாற்றிக் கை மாற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ரிங்லெட்டில் குடியிருக்கும் எங்கள் மகள் வேலை முடிந்து வரும் வழியில் எட்டிப் பார்த்தால்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

சமையல்கட்டுப் படியில் ஒரு தடவை விழுந்தார். அதற்குப் பிறகு வாசல் நாற்காலியை விட்டு அதிகம் எழுந்திருப்பதில்லை. ஒரு நாள், நல்ல வெயில், எதிர்மலையில் தேயிலைச் செடிகளின் வரிசையை எண்ணிவிடலாம் போல அவ்வளவு தெளிவாக இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்தபடியே என்னைக் கேட்டார்:

"என்ன புள்ள, மூட்டம் இன்னும் விலகலையா?"

"இல்லீங்க," என்றேன்.

ஆப்பரேஷன் செய்தால் தெளிந்துவிடும் என்றார்கள். சின்ன ஆப்பரேஷன், காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். மலையை விட்டு இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்குக் காலையில் விரலைக் குத்திப் பார்க்கும்போது இரத்தத்தில் சீனி, இங்கத்து அளவில், பத்துக்குக் கீழே இருக்க வேண்டும். முதல் தடவை போனபோது பதினாலு. இரண்டாம் தடவை பன்னிரண்டு. இரண்டு தடவையும் அத்தனை வளைவிலும் பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்துக்கொண்டு இறங்கி, அதே வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு திரும்ப ஏறினோம். மூன்றாவது தடவைக்குத் தேதி வந்தபோது அவர் சொல்லிவிட்டார்:

"இந்த வாட்டியும் திருப்பி அனுப்பினாங்கன்னா என்னைக் கூப்பிடாதீங்க. இருக்கிற இருட்டே எனக்குப் போதும்."

அவர் சொன்னால் சொன்னதுதான். லோரியை நிறுத்திய அன்றைக்கும் இப்படித்தான் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தார், பிறகு ஸ்டீரிங்கைத் தொடவே இல்லை.

தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் தானா ராத்தா கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருக்கும் மிஸ்ஸி நம்ம பெண்தான், நன்றாகப் பேசும். நர்சை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அங்கிள், இனிமே வாயைக் கட்டணும். ஆன்ட்டி, நீங்கதான் பார்த்துக்கணும்."

"வீட்டுல நான் அளந்துதான் போடுறேன் மிஸ்ஸி."

"வெளிய சாப்பிட்டாலும் பார்க்கணும் ஆன்ட்டி. இப்பப் பெரிய கடைங்கள்ல எல்லாம் சாப்பாட்டுக்குப் பக்கத்துல நம்பர் போட்டே ஆகணும்னு பேசிக்கிட்டிருக்காங்க. டவுன்ல புதுசா வந்த கோழிக்கடையில போட்டுட்டாங்க. வாங்குறதுக்கு முன்ன அந்த நம்பரைப் பாருங்க. பெரிய நம்பர் வேணாம், சின்ன நம்பரா எடுங்க. சரியா?"

நம்பர் என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"நம்பர்னா எனக்கு விட்டுடுங்க மிஸ்ஸி," என்றேன்.

"ஆமாலா, இவளுக்கு நம்பர்தான் குலசாமி," என்றார் அவர்.

அன்றைக்கு மகள் லீவு போட்டிருந்தாள். அவள் திரிங்காப்பில் காய்கறிப் பெட்டி கட்டும் இடத்தில் கணக்குப் பார்ப்பவள், லீவு கிடைப்பது அபூர்வம். அப்பாவுக்குப் பசிக்குமே என்று அந்தக் கோழிக்கடை வாசலில் காடியை நிறுத்தி எங்களை இறக்கிவிட்டாள். பள்ளி விடுமுறை. கீழேயிருந்து ஏறி வந்த காடிகள் டவுனை அடைத்துக்கொண்டு நின்றன.

"உள்ள போய் உக்காருங்க. நான் காடிக்கு இடம் பார்த்துட்டு வந்துடுறேன். வந்துதான் வாங்கணும், என்ன?"

அரை மணி நேரம் ஆயிற்று, அவள் வரவில்லை. அவருக்குப் பசி ஏறிவிட்டது. மாத்திரை போட்டவர், நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். நான் எழுந்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் கவுண்டருக்கு முன்னால் நின்றேன். தலைக்கு மேலே விளக்குப் போட்ட பலகை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு படம். விலை சிவப்பில் தனியாக இருந்தது. அதற்குக் கீழே வெள்ளையில் இன்னொரு எண். மிஸ்ஸி சொன்னது அதுதான்.

"என்ன போட்டிருக்கு, சொல்லு," என்றார்.

"ரெண்டு துண்டு கோழியும் சோறும், எழுநூத்து அம்பது. கோழி மட்டும்னா ரெண்டு துண்டு, ஐநூத்து இருவது. ரொட்டிக்கு நடுவுல எலும்பில்லாத கோழி, நானூத்து அறுவது. ஐஸ் போட்ட தே, நூத்து நாப்பது. ஐஸ்கிரீம், நூத்து எழுவது."

"நம்பருக்குப் பக்கத்துல என்னமோ எழுதியிருக்கணுமே?"

"இருக்கு, பூச்சி மாதிரி."

"அது என்னன்னு தெரிஞ்சாத்தானே நம்பர் எதுக்குன்னு தெரியும்?"

"நம்பர்னா எடைதாங்க. வேற என்னத்துக்குப் போடப் போறாங்க?"

அவர் யோசித்தார். அவருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. முப்பது வருஷம் லோரியில் ஏற்றியதெல்லாம் எடை போட்டுத்தான் ஏற்றினார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு துண்டு கோழி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. சரியாகத்தான் இருந்தது, பெரிய துண்டுகள். ஐஸ்கிரீமும் கையில் தூக்கினால் நூற்று எழுபதுதான் இருக்கும். எடைதான் என்று உறுதியாகிவிட்டது. அப்படியானால் இது முள் காட்டுகிற எடை. கழிவு போகத்தான் உண்மையான எடை. கோழியில் பாதி எலும்பு, அது வயிற்றுக்குள் போகப் போவதில்லை. ஐநூற்று இருபதில் எலும்புக்குக் கழித்தால் இருநூற்று அறுபது. ரொட்டிக் கோழி பார்வைக்குச் சின்ன நம்பர்தான், ஆனால் எலும்பே இல்லை, நானூற்று அறுபதும் அப்படியே உள்ளே போகும். ஏமாறுகிறவர்கள் அங்கேதான் ஏமாறுவார்கள். தேயில், அதாவது தேநீரில், நூறு வெறும் ஐஸ்கட்டி, அதைக் கழித்தால் நாற்பது. ஐஸ்கிரீம் உருகினால் வெறும் தண்ணீர். மழைத் தண்ணீருக்கே கழிவு உண்டு என்றால் இதற்கு இல்லையா? அது முழுக்கக் கழிந்துபோகும்.

"கோழியும் தேயும் ஐஸ்கிரீமும் சேர்த்து முந்நூறுதாங்க வருது," என்றேன்.

"எலும்புக்குக் கழிச்சியா?"

"கழிச்சாச்சு."

"அப்பச் சரி."

கவுண்டரில் நின்ற மலாய்ப் பெண், சோறு வேண்டாமா என்று கேட்டது. அவருக்கு இனிப்பு நீர், சோறு ஆகாது என்று நான் மலாயில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அந்தப் பெண் ஐஸ்கிரீமைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, தட்டைத் தள்ளியது.

அவர் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டுமே. தோல் மொறுமொறுவென்று இருக்கிறது என்று எனக்கு ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார். எலும்புகளைத் தட்டின் ஓரத்தில் நான் ஒழுங்காக அடுக்கி வைத்தேன், யாராவது கேட்டால் காட்டலாம் என்று. ஐஸ்கிரீமை எடுத்து நாக்கில் வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் திறந்தாலும் அவருக்கு ஒன்றுதான், இருந்தும் மூடிக்கொண்டார்.

அப்போதுதான் மகள் வந்து சேர்ந்தாள்.

"ம்மா! என்னம்மா இது?"

"கத்தாத. நம்பர் பார்த்துதான் வாங்கினேன்."

"எந்த நம்பரைப் பார்த்தீங்க?"

நான் கணக்கை முதலிலிருந்து சொன்னேன். கேட்கக் கேட்க அவள் அப்படியே நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். பிறகு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"எலும்புக்குக் கழிவு. ஐயோ, ஐஸ்கிரீமுக்குத் தண்ணிக் கழிவு. ம்மா, அது எடை இல்லம்மா. கலோரி. அதைச் சாப்பிட்டா உடம்புக்கு எவ்வளவு சக்தி கிடைக்கும்னு அர்த்தம்."

"சக்தியா? அப்ப மிஸ்ஸி எதுக்குச் சின்ன நம்பரா எடுக்கச் சொல்லுச்சு? இந்த மனுஷன் ஏற்கெனவே எலும்பும் தோலுமா இருக்காரு. சக்தி குறைச்சலாக் கொடுத்துக் கொல்லவா?"

"சக்தி அதிகமாப் போனா உடம்பு போடும்மா."

"போடட்டுமே."

"உடம்பு போட்டா சீனி ஏறும்."

"அப்ப அது சீனி நம்பரா?"

"இல்ல, சீனி வேற."

"சீனி நம்பர் எங்க போட்டிருக்கு?"

மகள் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள், மறுபடி மேலே போனாள். அவள் படித்தவள், மூன்று பாஷையும் படிப்பாள்.

"சீனி போடல," என்றாள்.

"பின்ன எதைப் பார்த்து இவருக்கு வாங்கறது?"

"எனக்கும் சரியாத் தெரியலம்மா."

"நீங்க முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க," என்றார் அவர். "அதுவரைக்கும் நான் சாப்பிடுறேன்." தேயின் கடைசிச் சொட்டை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நம்பர் போடச் சொல்கிறவர்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எதனுடைய நம்பர், யாருக்கு நம்பர், அதில் என்ன கழியும், என்ன கழியாது என்று சொல்ல அந்தப் பலகைக்குக் கீழே ஒரு கிராணியை உட்கார வைத்திருக்கலாம்.

சாயங்காலம் மகள், விரலைக் குத்திப் பார்க்கும் சின்ன மெஷின் ஒன்றைக் கடையில் வாங்கி வந்தாள். அவர் விரலை நீட்டினார். ஒரு சொட்டு இரத்தம். மெஷின் எண்ணிக்கொண்டே போய் நின்றது. பதினாறு புள்ளி எட்டு.

"எவ்வளவு?" என்றார்.

"பதினாலு," என்றேன் நான்.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. முள் காட்டியதை மாற்றிச் சொன்னது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கண்ணை நான்தான் ஒரு தட்டில் வைத்து அவருக்கே ஊட்டிவிட்டேன் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். கடைப் பலகையில் இருப்பது கோழியின் நம்பர். எனக்கு வேண்டியது இவருடைய நம்பர். அதை யாரும் எழுதி வைக்கப் போவதில்லை. மகள் பெட்டிக்கு நம்பர் போடும் கறுப்புப் பேனா ஒன்று வீட்டில் கிடந்தது. அடுப்புக்கு எதிர்ச்சுவரில் நானே ஒரு பலகை போட்டேன். அவர் ஒன்றைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்துவேன். சாப்பிட்டதைச் சுவரில் போட்டு, பக்கத்தில் மெஷின் காட்டியதை எழுதுவேன். எழுத்தில் எழுத உட்கார்ந்தால் ஒரு பொழுது போய்விடும், அதனால் படமாகவே வரைந்தேன். தோசைக்கு ஒரு வட்டம். இட்டிலிக்குச் சின்ன வட்டம். வடைக்கு ஓட்டை போட்ட வட்டம். சீனி கோசோங் தேக்கு, அதாவது சீனியே போடாத தேநீருக்கு, மேலே கோடு கிழித்த ஒரு கோப்பை. சுவரின் உச்சியில் முதலில் வரைந்தது ஐஸ்கிரீம். அதற்குப் பக்கத்தில் பதினாறு புள்ளி எட்டு என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். அவருக்குத்தான் கண் தெரியாதே.

"ஏ புள்ள, என் விரல் என்ன தேயிலைக் கொழுந்தா? காலையில ஒரு வாட்டி, மத்தியானம் ஒரு வாட்டி கிள்ளிக்கிட்டே இருக்கே."

"ரெண்டு இலையும் ஒரு மொட்டும் வர்ற வரைக்கும் கிள்ளுவேன். நீட்டுங்க."

நான் நினைத்த மாதிரி அது லேசில் பிடிபடவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு தோசைக்குப் பன்னிரண்டு வந்தது. வெள்ளிக்கிழமை அதே மாவு, அதே கல், அதே இரண்டு தோசை, ஒன்பது வந்தது. ஒரே சாக்கு, ஒரே கொழுந்து, இரண்டு எடை! தராசு கெட்டுவிட்டது என்று மெஷினை இரண்டு தட்டுத் தட்டினேன். மறுபடி குத்தினால் மறுபடி ஒன்பது. அவர் கையை உதறிக்கொண்டார்.

அன்றைக்கு வேறு என்ன நடந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் சாப்பிட்ட கையோடு அவரைக் கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தேன். போக இறக்கம், வர ஏற்றம். நடந்தால் சீனி எங்கே போகும்? வேர்வையில் கரைந்து போகுமா? எனக்கு விளங்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அந்த ஒன்பதுக்குப் பக்கத்தில் ஒரு காலை வரைந்து வைத்தேன்.

தேதி வந்தது. விடியக்காலையில் புறப்பட்டு, வளைவெல்லாம் இறங்கி, ஆஸ்பத்திரியில் பச்சைச் சட்டை மாட்டி அவரை உட்கார வைத்தார்கள். டாக்டர் ஒரு சீனப் பெண், சின்ன வயசு. விரலைக் குத்தி மெஷினைப் பார்த்து, மகளிடம் காட்டியது. நான் எட்டிப் பார்த்துவிட்டேன். பத்து புள்ளி நாலு.

அவர் எங்கள் மௌனத்திலேயே தெரிந்துகொண்டு பச்சைச் சட்டையின் முடிச்சைத் தேடி அவிழ்க்கத் தொடங்கினார்.

"வாங்க, போலாம்," என்றார்.

"இருங்க," என்று நான் எழுந்து டாக்டருக்கு முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த மலாய் சந்தையில் பேசும் பாசார் மலாய்தான். "சிகிட் போத்தோங் லா, டாக்டர்," என்றேன். கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

டாக்டருக்குப் புரியவில்லை. எதைக் கழிப்பது என்று கேட்டது. நான் மகளைச் சொல்லச் சொன்னேன்.

"இவரு விடியறதுக்கு முன்னாலேருந்து வாந்தி எடுத்துக்கிட்டு வந்திருக்காரு. மூணாவது வாட்டிங்கிற பயம் வேற. அதெல்லாம் இவரோட சீனி இல்ல, மேல ஒட்டிக்கிட்டு வந்தது. மழை நாள்ல இலைக்குக் கழிப்பாங்க. இன்னிக்கு இவருக்கு மழை நாள். நியாயமா ஒரு அரைப் புள்ளி கழிச்சாப் போதும்னு சொல்லு."

"ம்மா, இதை நான் எப்படிச் சொல்வேன்?"

"நான் சொன்ன மாதிரியே சொல்லு."

சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, இதில் கழிவு கிடையாது ஆன்ட்டி, மெஷின் காட்டுவதுதான், என்றது. அந்த நேரத்தில்தான் எனக்குச் சுவரில் வரைந்த கால் ஞாபகம் வந்தது.

"அப்ப ஒரு மணி நேரம் கொடுங்க," என்றேன். "உதறிட்டு வரேன்."

அவர் பெயரைக் கடைசியில் போடுகிறேன், பதினொரு மணிக்கு மறுபடி பார்க்கலாம், தண்ணீர் குடிக்கக் கொடுங்கள், நடக்கிறதானால் மெதுவாக நடங்கள் என்று டாக்டர் சொன்னது.

ஆஸ்பத்திரியின் நீளமான தாழ்வாரத்தில் அவர் கையைப் பிடித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடத்தினேன். கதவு நம்பர்களை எண்ணிக்கொண்டே போனேன். ஒன்றிலிருந்து பதினெட்டு, பதினெட்டிலிருந்து ஒன்று.

"எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல. நடங்க."

"நான் என்ன சாக்கா, உதறுறதுக்கு?"

"பேசாம நடங்க. பன்னெண்டு, பதிமூணு."

ஆறாவது நடையில் என்னால் அடக்க முடியவில்லை.

"அன்னிக்குக் கோழி தின்னீங்களே. பதினாலுன்னு சொன்னேன். பதினாலு இல்லீங்க."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீ நம்பர் சொல்லும்போது இழுக்க மாட்டே. அன்னிக்கு இழுத்தே." அவர் என் கையை விடவில்லை. "எத்தனையாவது கதவு? நிறுத்திட்டியே."

நான் விட்ட இடத்திலிருந்து எண்ணினேன்.

பதினொரு மணிக்குக் குத்தினார்கள். ஒன்பது புள்ளி ஏழு. நான் டாக்டரை ஒரு பார்வை பார்த்தேன். கழித்துக்கொள்ளச் சொன்னது அரைப் புள்ளிதான், இறங்கியது அதைவிடக் கூட. டாக்டருக்கு அது ஞாபகம் இருந்ததோ இல்லையோ தெரியவில்லை. அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கு நேரமாகிவிட்டதால் இரவு தங்க வைத்து, மறுநாள் கட்டைப் பிரித்து, கண்ணில் விடும் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் இறங்கியவர் ரொம்ப நேரம் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை மூட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பிறகு தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்கு வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டார்.

"யாரு இதைக் கிறுக்குனது?"

"நான்தான்."

"எல்லாம் வட்டமா இருக்கு. இது என்ன?"

"தோசை."

"இது?"

"அதுவும் தோசை. அது செவ்வாக்கிழமை, இது வெள்ளிக்கிழமை."

"பக்கத்துல என்ன, யாரோட காலு?"

"உங்க காலுதான். நடந்தா நம்பர் இறங்குது. ஏன்னு என்னைக் கேக்காதீங்க, எனக்குத் தெரியாது."

ஒவ்வொன்றாக நம்பரை வாய்விட்டுப் படித்துக்கொண்டே மேலே போனார். ஒரு கண்ணைச் சுருக்கி, புதுக் கண்ணால் பார்த்தார். உச்சிக்குப் போனதும் நின்றார்.

"இது என்ன, குடையைத் தலைகீழாப் போட்டிருக்கே?"

"ஐஸ்கிரீம்."

"பதினாறு புள்ளி எட்டு," என்று நிதானமாகப் படித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"இதுக்குப் பக்கத்துல ஒரு காலைப் போட்டா எவ்வளவு கழியும்?"

நான் கறுப்புப் பேனாவை எடுத்து மடியில் சொருகிக்கொண்டேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எத்தனை கால் போட வேண்டியிருக்கும் என்று எனக்கு இன்றுவரை கணக்கு வரவில்லை.